தையல் போட்ட தவளையும் அழுக்குத் தண்ணீரும்

நமக்கு வயிற்றில் தையல் போட்டால் டாக்டர் முதலில் சொல்வது, தண்ணி படக்கூடாது. இந்த ஆப்பிரிக்க நகத்தவளையைப் பாருங்கள். வயிற்றைக் கீறி, முட்டையை எடுத்து, தையல் போட்டு, அதே கலங்கின தொட்டியில் திரும்ப விட்டார்கள். சீழே பிடிக்கவில்லை, காயம் பாட்டுக்கு ஆறிவிட்டது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த மைக்கேல் ஜாஸ்லாஃபுக்குத் தேவைப்பட்டது முட்டைதான், மருந்து இல்லை. ஆனால் இந்த விஷயம் அவரை உறுத்தியது. தோலை அலசி, 1987-இல் இரண்டு குட்டி மூலக்கூறுகளை அறிவித்தார், ஒவ்வொன்றிலும் வெறும் 23 அமினோ அமிலம். பெயர் மகெய்னின், எபிரேய மொழியில் கேடயத்துக்கான சொல்லிலிருந்து வந்தது.

(அனிமேஷன்: தோல் சுரப்பி, அருகில் பாக்டீரியா)

பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின்சுமை, மகெய்னினில் நேர்மின்சுமை. போய் ஒட்டும், சவ்வில் ஓட்டை போடும், உள்ளே இருப்பது கசிந்து ஆள் காலி. தவளையின் சொந்த செல்களுக்கு வெளிப்பக்கம் அந்த மின்சுமை அவ்வளவாகக் கிடையாது, அதனால் தப்பிக்கின்றன.

இது வாசல் காவல். உள்ளே நம்மைப் போலவே, கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்களான டி செல்களும், கிருமியின் துண்டை அவற்றுக்குக் காட்டிக்கொடுக்கும் எம்.எச்.சி. மூலக்கூறுகளும் உண்டு. ஆனால் நகத்தவளையின் தலைப்பிரட்டையில் முதல் வகை எம்.எச்.சி. பெயருக்குத்தான் இருக்கிறது. அது உருமாறும்போது இன்னொரு வேடிக்கை: உடம்பு முழுக்கப் புதுப் புரதங்கள், பழைய டி செல்கள் பார்த்தே இராதவை, சும்மா விட்டால் சொந்த உடம்பையே தாக்கிவிடும். அதனால் பழைய படையில் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டுப் புதுசாக ஆள் எடுக்கிறது. நடுவில் கொஞ்ச நாள் கோட்டை காலி.

அந்த நேரத்தில்தான் தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் என்ற பூஞ்சை உள்ளே வருகிறது. இல்லை, தப்பாகச் சொல்கிறேன், அது ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. அதற்குக் கெரட்டின், அதாவது நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெட்டிப் புரதம், உள்ள இடம் வேண்டும், தலைப்பிரட்டைக்குக் கெரட்டின் வாயில் மட்டும்தான், அதனால் அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், தலைப்பிரட்டை பெரும்பாலும் சாகாது. வால் மறைந்து தோலெங்கும் கெரட்டின் வந்ததும் பூஞ்சையும் கூடவே பரவும். தவளை தண்ணீரையும் உப்பையும் எடுப்பதே தோல் வழியாகத்தான். தோல் கெட்டால் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கி இதயம் நின்றுவிடும்.

ஸ்பெயினில் பெனியாலாரா மலைக் குளங்களில், 1990-களின் கடைசியில், மருத்துவச்சித் தேரைகள் செத்து ஒதுங்கினதும் இப்படித்தான். தண்ணீரில் தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. கரையில் கிடந்தவை, அப்போதுதான் வால் மறைந்த குட்டிகள்.