ராசநாயக்கன் கையிலிருந்து அப்பம்

நடுவர் அவர்களே! எதிரணி அண்ணன் தரங்கம்பாடியில் தொடங்கினார். 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் அங்கே கரையிறங்கியதையும், அச்சகத்தையும், பள்ளிக்கூடத்தையும் சொல்லி, "மிஷன் பணி ஏற்றத்தாழ்வை ஒழித்தது" என்று முடித்தார். பள்ளிக்கூடத்தை நான் மறுக்கவே மாட்டேன். எங்கள் வீட்டில் கைநாட்டு போய்க் கையெழுத்து வந்தது அங்கே படித்துத்தான். ஆனால் 'ஒழித்தது' என்றாரே, அந்தச் சொல்லை என்னால் ஒப்ப முடியாது.

அதே தரங்கம்பாடி மிஷனில் ராசநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர் குலம். தஞ்சை மன்னர் படையில் சேர்வைக்காரர், அதாவது படை அதிகாரி. மிஷன் அச்சடித்த தமிழ்ச் சுவிசேஷம் கைக்குக் கிடைத்தது, படித்தார், தேடி வந்தார். 1728இல் உபதேசியார் ஆனார், அதாவது குருவுக்குக் கீழே இருந்து வேதம் போதிப்பவர். தஞ்சைச் சீமையில் அவர் வளர்த்த சபைகள் எத்தனையோ. 1733இல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. அடுத்து யார் என்று வந்தபோது ராசநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. 1741இல் பட்டம் தியோகு என்ற இன்னொருவருக்குப் போனது. ஏன் தெரியுமா? படிப்பில் குறையா, பக்தியில் குறையா? ராசநாயக்கன் கையால் இராப்போஜனம், அதாவது ஆராதனையில் குரு தரும் அப்பமும் ரசமும், வாங்க மற்ற சாதியார் சம்மதிக்க மாட்டார்கள் என்ற தயக்கம், ஐயா! பிரசங்கத்தைத் தள்ளி நின்று கேட்டுவிடலாம். அப்பத்தை அவர் கையிலிருந்தல்லவா வாங்க வேண்டும்? கடைசிவரை அவர் உபதேசியார்தான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

"அதெல்லாம் ஆரம்ப காலம்" என்பார்கள். நூறு வருஷம் கழித்து, 1833இல், சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ச் சபையில் முதல் விளைச்சலைப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில், கூலிக்கு நடவு நட்ட என் அம்மாச்சி, கூரையில் படர்ந்த கொடியில் முதலில் காய்த்த சுரைக்காயைக் கழுவித் துடைத்துப் பீடத்தின் முன் வைப்பார். ஆராதனை முடிந்ததும் ஏலம். நிலபுலன் உள்ள ஒருவர் ஆயிரம் ரூபாய்க்கு அதை எடுப்பார். ஆயிரம் சபைக்குத்தான் போகிறது, நல்லதுதான். ஆனால் மைக்கில் அவர் பெயர் மூன்று தடவை வரும். சபைக் கமிட்டித் தேர்தலிலும் அதே பெயர் வரும். அம்மாச்சி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு நடப்பார்.

அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காயைக் கொண்டுவந்தவர் பெயரை அந்த மைக்கில் ஒரு வருஷமாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை, நடுவர் அவர்களே.