துணி மேல் பழி போடாதீர்கள், ஓரத்தைப் பாருங்கள்: குறைந்த செலவில் ஜன்னல் வெளிச்சத்தை அடைத்த கதை

வணக்கம். இப்போது காலை பதினொன்றேகால். வெளியே வெயில் கொளுத்துகிறது. என் முகம் உங்களுக்குத் தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன விளக்குதான். அதை அணைக்கிறேன், பாருங்கள். தெரிகிறேனா? குரல் மட்டும்தானே வருகிறது? சரி, போட்டுவிட்டேன்.

எனக்குப் பின்னால் இருப்பது கிழக்குப் பார்த்த ஜன்னல். எனக்கு இரவு ஷிப்ட். காலை ஏழரைக்கு வந்து படுத்தால் எட்டு மணிக்கு வெயில் சரியாகத் தலையணைக்கு வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. இமை மூடியிருந்தாலும் வெளிச்சம் சிவப்பாகக் கசிந்து உள்ளே போகத்தான் செய்யும். அதுவும் தவிர, விழித்திரையில் பகலா இரவா என்று மூளைக்குத் தகவல் சொல்வதற்கென்றே தனியாகச் சில செல்கள் இருக்கின்றன. 2002ல்தான் இதை உறுதியாகக் கண்டுபிடித்தார்கள். நீல வெளிச்சம் என்றால் அவை உடனே விழித்துக்கொள்ளும், தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் சுரப்பது குறையும். பகல் வெளிச்சத்தில் நீலத்துக்குப் பஞ்சமே இல்லை.

அப்புறம் நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். கனமான, கறுப்பாக ஒரு திரைச்சீலை வாங்கி மாட்டினேன். படுத்தேன். அறை பளிச்சென்று இருந்தது. துணி மட்டம் என்று திட்டிவிட்டு, இரண்டாவதாக ஒன்றை வாங்கி அதன் மேலேயே மாட்டினேன். அப்போதும் பளிச். ஒரு நாள் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து அந்த ஜன்னலை வெறித்துப் பார்த்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது. துணி கன்னங்கரேலென்று இருந்தது. அதன் வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. அதைச் சுற்றி நாலு பக்கமும் டியூப்லைட் கட்டியது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஜன்னல் 120க்கு 120 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஓரத்திலும் ஒரே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. ஓரங்களின் மொத்த நீளம் 480 சென்டிமீட்டர், ஆகவே திறந்திருக்கும் பரப்பு ஏறக்குறைய 480 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளில் முக்கால் பங்கு. அதாவது, விலை கொடுத்து வாங்கிய திரையின் நடுவில் முக்கால் தாள் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு, ஏன் இருட்டவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கு இன்னொரு துணி வேறு.

இன்னொன்று, நம் கண்ணை நம்ப முடியாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நேர் வெயிலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். முழு நிலவு வெளிச்சம் ஒரு லக்ஸ்கூட வராது, அதில் கால் பங்கு அளவுதான். ஆனாலும் நிலா வெளிச்சத்தில் நடக்கிறோம் இல்லையா? கண் அந்த அளவுக்கு இருட்டுக்குப் பழகிக்கொள்ளும். அப்படி முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். எனவே திரையைப் போட்ட உடனே "நல்ல இருட்டு" என்று தோன்றுவதற்கு மதிப்பே கிடையாது. அரை மணி நேரம் கழித்து அதே அறை உங்களுக்குப் பகல் மாதிரி தெரியும்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நல்ல வெயில் நேரத்தில் எல்லாவற்றையும் மூடுங்கள், விளக்குகளை அணையுங்கள், போனை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். போன் இல்லாமல் கால் மணி நேரம் உட்காருவதுதான் இதில் பெரிய கஷ்டம், அது எனக்கும் தெரியும். அப்புறம் கையில் மாஸ்கிங் டேப்பை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் கசிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். எனக்குப் பதினேழு துண்டு ஆனது. அதில் நாலு ஜன்னலுக்குச் சம்பந்தமே இல்லை. இரண்டு கதவின் அடியில், ஒன்று சாவித் துவாரம், ஒன்று மோடத்தின் பச்சை விளக்கு. கதவடிக்கு ஒரு குளியல் துண்டைச் சுருட்டி வைத்தேன். சாவித் துவாரத்துக்கும் மோடத்துக்கும் ஆளுக்கொரு துண்டு கறுப்பு டேப். முடிந்தது.

இப்போது ஜன்னல். கேமராவைத் திருப்புகிறேன், மேலே பாருங்கள். மோசமான எதிரி மேல் ஓரம்தான். பக்கவாட்டில் வரும் வெளிச்சம் ஒரு கோடாகச் சுவரில் விழுந்து நின்றுவிடும். மேலே திரைக்கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் வருவது நேராகக் கூரையில் அடிக்கும். கூரை வெள்ளை. அங்கிருந்து அறை முழுக்கச் சிதறும். ஒரு விளக்கைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்தது மாதிரி.

இதற்கு நான் செய்தது இந்த அட்டைப் பெட்டி. ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டை, இரட்டைச் சுவர் உள்ள தடிமனான ரகம். கிட்டே காட்டுகிறேன். என் திரைக்கம்பி சுவரிலிருந்து 9 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே மேல் பலகை 12 சென்டிமீட்டர் அகலம், முன்பக்கம் தொங்குவது 15 சென்டிமீட்டர், இரண்டு முனைகளிலும் சின்னதாக மூடி. அட்டையை மடிக்க வேண்டிய கோட்டில் எழுதாத பேனாவால் அழுத்தி ஒரு தடவை இழுத்துவிட்டால் மடிப்பு நேராக வரும். கத்தியால் பாதி ஆழம் கீறாதீர்கள், நான் கீறினேன், இரண்டே வாரத்தில் அந்த இடத்தில் தொங்கிப்போனது. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு வண்ணம். இது முக்கியம், உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதற்குள்ளேயே தட்டித் தட்டி வெளியே வந்துவிடும். சுவரில் ஓட்டை போடவில்லை, கம்பியைத் தாங்கும் கொக்கிகளின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வாடகை வீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம்.

பக்கங்கள் இதைவிடச் சுலபம். திரை ஜன்னல் சட்டத்தோடு முடியக்கூடாது, இரண்டு பக்கமும் ஒரு சாண் தாண்டி சுவர் மேல் போக வேண்டும். அந்த வெளி ஓரத்தைச் சுவரோடு ஒட்டவைக்க வெல்க்ரோ பட்டை போதும். ஒரு பாதி துணியில் தைத்தது, ஒரு பாதி சுவரில் ஒட்டியது. பர்ர்ர் என்று கேட்கிறதா? அதுதான். தினமும் பிரிக்கலாம், ஒட்டலாம். கீழ் ஓரத்துக்கு, மடித்துத் தைத்த பகுதிக்குள் நாலைந்து இரும்பு வாஷர்களைப் போட்டு வைத்திருக்கிறேன். காற்றில் தூக்காது.

துணியைச் சோதிக்க ஒரு வழி. போனில் டார்ச்சைப் போட்டு துணியின் பின்னால் ஒட்டிப் பிடியுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வெறும் கறுப்புத் துணி, அவ்வளவுதான். நிறம் பெரிய விஷயமே இல்லை, நெசவும் பூச்சும்தான். பிளாக்அவுட் துணி என்று விற்பதில் நல்ல ரகத்துக்கு நடுவில் ஒரு கறுப்புப் பூச்சு இருக்கும், அதனால்தான் வெளியே வெள்ளையாக இருந்தாலும் வெளிச்சத்தை விடாது. ஆனால் தையல்! என் திரையின் ஓரத் தையலைப் பாருங்கள். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு நட்சத்திரம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. தூங்கும்போது அழகு எதற்கு? தையல் மேலே பின்பக்கமாகத் துணி டேப்பை ஒட்டிவிட்டேன்.

திரை வாங்கவே வேண்டாம் என்கிறவர்களுக்கு அட்டைப் பலகைக்குத்தான் என் ஓட்டு. ஜன்னல் சட்டத்துக்குள் அழுத்திப் பொருத்துவது, எழுந்ததும் கழற்றி வைத்துவிடுவது. அளவை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுங்கள். உலகத்தில் எந்த ஜன்னலும் சரியான சதுரம் கிடையாது, என்னுடையது மேலுக்கும் கீழுக்கும் 7 மில்லிமீட்டர் வித்தியாசம். அளவைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டி, ஓரம் முழுக்கப் பழைய போர்வைத் துணியைச் சுற்றி ஒட்டுங்கள். அந்தத் துணிதான் நசுங்கி இடைவெளியை அடைக்கும். இரண்டு அட்டை சேர்ப்பதாக இருந்தால் ஒன்றின் உள்ளே இருக்கும் நெளிவு வரி நீளவாக்கில், மற்றதன் வரி குறுக்குவாக்கில் இருக்கட்டும், வளையாது. நடுவில் கைப்பிடி மாதிரி ஒரு டேப் வளையம் வைக்க மறக்காதீர்கள். முதல் நாள் மாட்டிவிட்டு எடுக்கத் தெரியாமல் அரை மணி நேரம் நகத்தால் நோண்டினேன்.

அடுத்து அலுமினிய ஃபாயில். இதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், உண்மையிலேயே வேலை செய்யும். அவ்வளவு மெல்லியதாக இருந்தும் துளி வெளிச்சத்தை விடாது. பளபளப்பான பக்கம் வெளியே இருக்க வேண்டுமா, மங்கலான பக்கமா என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து கண்ணாடியில் தெளித்து ஒட்டினால் டேப் இல்லாமலே கொஞ்ச நாள் நிற்கும். ஆனால் கண்ணாடியில் நேராக எதை ஒட்டினாலும் ஒரு ஆபத்து இருக்கிறது. கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகும், சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். இந்த வித்தியாசம் அதிகமானால் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும். இரட்டைக் கண்ணாடி, நிறம் போட்ட கண்ணாடி, உள்ளே கம்பி வலை வைத்த கண்ணாடி இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கையும் கறுப்புத் தாளையும் கண்ணாடியில் நேரடியாக ஒட்டுவதை நான் சொல்லவே மாட்டேன். நான் ஃபாயிலை அட்டைப் பலகையின் வெளிமுகத்தில் ஒட்டி, கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் விரல் போகிற அளவு இடம் விட்டிருக்கிறேன்.

ஃபாயில் ஒட்டிய முதல் நாள் ஒரு வேடிக்கை. அதில் எங்கேயோ அட்டையையும் சேர்த்துப் பட்டாணி அளவுக்கு ஒரு கிழிசல் விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கண் இருட்டுக்குப் பழகியதும் எதிர்ச்சுவரைப் பார்க்கிறேன், அங்கே வெளியே நிற்கும் மரம் தலைகீழாக ஆடிக்கொண்டிருக்கிறது. கீழே வானம், மேலே தெரு. ஒரு சைக்கிள் தலைகீழாகப் போனது. அறையே கேமராவாகிவிட்டது. கிரகணச் சூரியன் சின்னத் துளை வழியாகப் பிறை வடிவத்தில் விழுவதை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இப்னு அல்ஹைதம் என்ற அரபு அறிஞர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார், அதே சங்கதிதான். அன்றைக்கு நான் தூங்கவே இல்லை, ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மனசில்லாமல் டேப் போட்டு அடைத்தேன்.

டேப் என்றதும் ஞாபகம் வருகிறது. வெயில் படும் இடத்தில் பிரவுன் டேப்பை ஒட்டாதீர்கள். பசை காய்ந்து கல்லாகிவிடும். ஒட்டிவிட்டீர்கள் என்றால், எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். மாஸ்கிங் டேப்பும் மாதக்கணக்கில் விட்டால் இதே கதிதான்.

எதைப் போட்டாலும் தினமும் ஒரு தடவை திறந்துவிடுங்கள். கண்ணாடிக்கும் மறைப்புக்கும் நடுவில் ஈரம் தங்கினால் சட்டத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், எனக்குக் கீழ் மூலையில் பிடித்தது. அப்புறம், ஆணி அடித்து நிரந்தரமாக அடைக்காதீர்கள். தீ, புகை என்று ஏதாவது வந்தால் அந்த ஜன்னல்தான் வழி. இருட்டில் கை வைத்து ஒரே இழுப்பில் மறைப்பு கையோடு வர வேண்டும், குழந்தைகள் படுக்கும் அறை என்றால் கண்டிப்பாக.

சூட்டையும் சேர்த்துத் தடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், அதன் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்தான் தங்கும். உள்ளே எத்தனை திரை போட்டாலும் கொஞ்சம்தான் திரும்பிப் போகும். வெளியே ஒரு தட்டியோ துணியோ கட்ட முடிந்தால் அதுதான் மேல். உள்ளேதான் என்றால் வெளியைப் பார்க்கும் முகம் வெள்ளையாகவோ பளபளப்பாகவோ இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக்கூடாது. இன்றைக்கு மத்தியானமே தூங்கியாக வேண்டும், கையில் அட்டையும் இல்லை, பொறுமையும் இல்லை என்றால், ஒரு மெத்தென்ற துணியை மடித்துக் கண்ணில் கட்டிக்கொள்ளுங்கள், போதும். எனக்குத்தான் அது ஒத்துவரவில்லை, புரண்டு படுத்தால் கழுத்துக்குப் போய்விடுகிறது.

பதினேழில் பதினாறு துண்டுகளை எடுத்துவிட்டேன். இதோ, ஜன்னலின் வலது கீழ் மூலை, கீல் இருக்கும் இடம், ஒரு முடி அளவு கோடு இன்னும் வருகிறது. பஞ்சு வைத்தால் ஜன்னல் கதவு சரியாக மூட மாட்டேன் என்கிறது. உங்களில் யாராவது கீல் பக்கத்தை அடைத்திருந்தால் எப்படி என்று கமெண்டில் எழுதுங்கள், மாலையில் எழுந்து படிக்கிறேன். இப்போது எனக்குத் தூக்க நேரம் தாண்டிவிட்டது, விளக்கை அணைக்கிறேன்.