ஜூலை 31-ஆ, ஆடி 18-ஆ?

அடுத்த கேள்வி பெருந்துறையிலிருந்து ஓர் அம்மணி அனுப்பியது. "போன வீடியோவில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டது ஜூலை 31 என்றீர்கள். நாங்கள் ஆடிப் பதினெட்டு நோம்பியன்று அல்லவா அவர் நினைவிடம் இருக்கும் ஓடாநிலைக்குப் போகிறோம்? அது ஆகஸ்டில் வருகிறதே, எது தப்பு?"

இரண்டுமே தப்பில்லை, அம்மணி. 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்ட அன்று வெள்ளைக்காரன் கணக்கில் ஜூலை 31. நம் கணக்கில் ஆடி 18. ஒரே நாள்தான். பிறகுதான் இரண்டும் விலகிப்போயின.

இதோ, 2025-ஆம் வருட நாள்காட்டித் தாள். பெரிய எழுத்தில் ஆகஸ்ட் 3, பக்கத்திலேயே ஆடி 18. சூரியன் மேஷத்தில் நுழைந்து, ராசிகளைச் சுற்றி மறுபடி மேஷத்துக்கு வர 365 நாள் 6 மணி 12 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்பது பழைய பஞ்சாங்கக் கணக்கு. ஆங்கில வருடத்தின் சராசரி 365 நாள் 5 மணி 49 நிமிடம். வருடத்துக்கு இருபத்து மூன்று நிமிடச் சொச்சம்தான் வித்தியாசம். டீ குடித்துவிட்டு வரும் நேரம். ஆனால் கந்துவட்டி மாதிரி ஏறிக்கொண்டே போய், சுமார் 61 வருடத்தில் ஒரு முழு நாளாகிவிடுகிறது. 220 வருடத்துக்கு மூன்றரை நாள். ஜூலை 31-உடன் மூன்றைக் கூட்டிப் பாருங்கள். சில வருடம் ஆகஸ்ட் 2-இல் வருவது லீப் வருடத்தின் வேலை.

நம்பிக்கை வரவில்லையா? விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி, அதாவது நம் பொங்கல். இப்போது ஜனவரி 12-இல் யாராவது பொங்கல் வைக்கிறோமா?

ஜாலியன்வாலா பாக் படுகொலையை ஆதரித்த மைக்கேல் ஓ'ட்வயரைச் சுட்ட உத்தம் சிங்கை லண்டனில் தூக்கிலிட்டதும் ஜூலை 31-தான், 1940-இல். அதைத்தான் போன வீடியோவில் ஒற்றுமையாகச் சொன்னேன். யோசித்தால், அந்த ஒற்றுமை ஆங்கில நாள்காட்டியில் மட்டும்தான். 1940-க்குள் ஆடி 18 ஆகஸ்டுக்கு நகர்ந்துவிட்டது.

நீங்கள் வழக்கம்போல ஆடி 18-க்கே போங்கள். ஓடாநிலையில் அரசு விழாவும் அன்றைக்குத்தான். கூட்டம் சேருவதற்குள், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.