குரல் மாறினாலும் பாட்டு அவர்களுடையதே

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தங்கைகளே, வேலையை முடித்த கையோடு இந்தக் கீழக்கரைக் கடற்கரைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம், என் சலாம்.

இன்றைய வழக்கு இதுதான். ஜர்னி என்ற அமெரிக்க ராக் குழு, ஆர்னெல் பினெடா என்ற புதிய பாடகரை வைத்து 2008-ல் ‘ஆஃப்டர் ஆல் தீஸ் இயர்ஸ்’ என்றொரு மெலடி வெளியிட்டது. அது ஜர்னியின் பாட்டா, இல்லை ஜர்னியின் பெயரைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ பாடிய பாட்டா? அது ஜர்னியின் பாட்டேதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். பழைய பாடகர் ஸ்டீவ் பெர்ரியின் குரல்தான் ஜர்னி, அவர் விலகி அந்தக் குரல் போனபிறகு மிச்சம் இருப்பது வெறும் பெயர்ப்பலகை என்றார். அண்ணே, பெர்ரியின் குரல் எனக்கும் உயிர். ‘ஓபன் ஆர்ம்ஸ்’ பாட்டில் அவர் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் என் கையும் புல்லரிக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஜர்னி தொடங்கியது 1973-ல். 1975, 76, 77 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று ஆல்பம் போட்டார்கள். மூன்றிலும் பெர்ரி கிடையாது. கீபோர்டு வாசித்த கிரெக் ரோலிதான் பாடினார். பெர்ரி வந்தது 1977 கடைசியில். அன்றைக்கு அவர்தானே புது ஆள்! அன்று அவரை வாசலிலேயே நிறுத்தியிருந்தால், அண்ணன் இன்று கண்கலங்கிப் பேசிய அத்தனை பாட்டும் பிறந்தே இருக்காது. ரோலி 1980-ல் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் ஜொனதன் கெய்ன். அவரும் இடையில் வந்து சேர்ந்தவர்தான். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், என் வழக்கே அவரிடம்தான் இருக்கிறது.

வேகப் பாட்டில் ஒரு பாடகரை எடைபோட முடியாது நடுவர் அவர்களே. டிரம்ஸ் இடிக்கும், கிட்டார் கத்தும், கூட்டமும் சேர்ந்து பாடிவிடும். பாடகர் கொஞ்சம் தடுமாறினாலும் யாருக்கும் தெரியாது. மெலடியில் அந்த வசதி கிடையாது. பியானோ ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், நடுவில் வெறும் மௌனம். மூச்சு எங்கே எடுக்கிறார் என்பதுகூடக் கேட்கும். ஜர்னிக்கோ மெலடிதான் மகுடம். ‘ஓபன் ஆர்ம்ஸ்’ 1982-ல் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு. அப்படிப்பட்ட குழு ஒரு புது ஆளை நிறுத்தி மெலடி பாட வைக்கிறது என்றால், மக்கள் எதோடு ஒப்பிடுவார்கள் என்று தெரிந்தேதான் வைத்தது.

இப்போது கெய்னுக்கு வருகிறேன். 1983-ல் அவர் ‘ஃபெய்த்ஃபுலி’ என்ற பாட்டை எழுதினார். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிற கலைஞன், வீட்டில் காத்திருக்கும் மனைவியை நினைத்துப் பாடுகிற பாட்டு. பாடியவர் பெர்ரி. இருபத்தைந்து வருஷம் கழித்து அதே கெய்ன் எழுதியதுதான் ‘ஆஃப்டர் ஆல் தீஸ் இயர்ஸ்’. கல்யாண நாள் போட்டோவில் தொடங்கும். இத்தனை வருஷம் பிரிவையும் கஷ்டத்தையும் தாண்டி, இன்னும் ஒன்றாக இருக்கிற தம்பதியின் பாட்டு. முதல் பாட்டில் பிரிந்திருப்பவன் வாக்குக் கொடுக்கிறான். இரண்டாவது பாட்டில் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஒரே கை எழுதியது, ஒரே பியானோ, தொடக்கத்திலிருந்தே ஜர்னியில் கிட்டார் வாசிக்கும் நீல் ஷானின் அதே கிட்டார். பழைய பாட்டின் மிச்சக் கதையை இந்தப் பாட்டுதான் சொல்கிறது. இதை வேறு குழுவின் பாட்டு என்று எப்படி ஒதுக்குவீர்கள்?

இந்த ஊரில் இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. எத்தனை வீட்டு வாப்பாமார்கள் துபாய்க்கும் சவூதிக்கும் சபர் போய், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து, அப்படியே வாழ்க்கையை ஓட்டினார்கள்! பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குப் போன ஆளுக்காக விடியும்வரை விழித்திருக்கிற அக்காமார் எத்தனை பேர்! கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரியில் வைப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டுக்கு இளவயதுக் குரல் போதாது. அடிபட்டு வந்த குரல் வேண்டும். பினெடா ஜர்னிக்கு வரும்போது அவருக்கு நாற்பது வயது.

அவர் யார்? பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர், மணிலா நகரத்துப் பிள்ளை. பதின்மூன்று வயதில் தாய் போய்விட்டார். குடும்பம் கடனில் சிதறியது. தெருவிலும் பூங்காவிலும் படுத்து, பழைய பேப்பரும் பாட்டிலும் பொறுக்கி வயிற்றைக் கழுவியவர். பிறகு மணிலாவிலும் ஹாங்காங்கிலும் இரவு விடுதிகளில் மற்றவர்கள் பாட்டைப் பாடிப் பிழைத்தார். வளைகுடா ஹோட்டல்களில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அங்கே மேடையில் பாடிக்கொண்டிருக்கும் பிலிப்பினோக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் நின்ற ஒருவரைத்தான் 2007-ல் நீல் ஷான் யூடியூபில் கண்டுபிடித்தார். அழைப்பு வந்தபோது யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் பினெடா முதலில் நினைத்தார். ஜர்னி குழுவில் பாடப் போகிறேன் என்று விசா கேட்டு நின்றபோது, அதிகாரி நம்பாமல் பாடிக் காட்டச் சொன்னார். பாடிக் காட்டினார், விசா கிடைத்தது. விசாவுக்காக ஜன்னல் முன்னே கைகட்டி நின்ற யாருக்கும் அந்த நிமிஷத்தின் கனம் புரியும்.

இவரைத்தான் எதிரணித் தங்கை ‘நகல்’ என்று சொன்னார். தங்கச்சி, அந்த 2008 ஆல்பம் ‘ரெவலேஷன்’ எப்படி வந்தது? ஒரு டிஸ்க்கில் பெரும்பாலும் புதுப் பாட்டுகள், இன்னொன்றில் பழைய ஹிட் பாட்டுகளை பினெடா மறுபடி பாடியது. பழைய பாட்டு டிஸ்க்கைப் பற்றி நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அங்கே பெர்ரி போட்ட பாதையில்தான் அவர் நடக்கிறார், ரசிகர்கள் கேட்பதும் அதைத்தான். ஆனால் நம் வழக்கு புது மெலடியைப் பற்றியது. அதை பினெடாவுக்கு முன்னால் யாரும் பாடவில்லை. அசலே இல்லாத இடத்தில் நகல் எங்கிருந்து வரும்? அந்தப் பாட்டின் முதல் மூச்சே அவருடையது.

யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சரி என்பதல்ல எங்கள் கட்சி. வான் ஹேலன் என்ற இன்னொரு ராக் குழு கேரி செரோன் என்ற புதுப் பாடகரை வைத்து 1998-ல் ஓர் ஆல்பம் போட்டது, நிற்கவில்லை. ஜர்னியிலேயே பினெடாவுக்கு முன் வந்த ஸ்டீவ் ஆகெரி நன்றாகப் பாடியவர், தொண்டை கைவிட 2006-ல் விலக நேர்ந்தது. ஆக, இடம் காலியாக இருந்தால் மட்டும் போதாது, பாட்டு வந்தவரை ஏற்க வேண்டும். இந்த மெலடி ஏற்றுக்கொண்டது.

நம் மண்ணுக்கு வாருங்கள். பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார், சேதுபதி சமஸ்தானத்து வித்வான், 1919-ல் மறைந்தார். அவர் பாடி இந்தக் கூட்டத்தில் யாரும் நேரில் கேட்டதில்லை. ஆனால் அவர் கீர்த்தனைகள் இருக்கின்றன. அவருடைய சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மேடை மேடையாகப் பாடினார், அவரிடம் கற்றவர்கள் பாடினார்கள். அரியக்குடி குரலில் வந்ததால் அது பூச்சி ஐயங்கார் கீர்த்தனை இல்லை என்று எந்த ரசிகராவது சொன்னதுண்டா? இன்னொரு தொண்டையில் ஏறிப் பிழைக்காத பாட்டு, ஆளோடு சேர்ந்து அடங்கிவிடும். குரல் போனது எத்தனை பெரிய துக்கம் என்று எனக்குத் தெரியும். அந்தத் துக்கத்துக்காகப் பாட்டையும் சேர்த்து அடக்கம் செய்யச் சொல்கிறீர்கள், அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடைசியாக, பெர்ரி. இடுப்பு நோயால் அவர் பயணம் போக முடியாமல் இருந்த காலத்தில், வேறு ஆளோடு போவதானால் ஜர்னி என்ற பெயர் வேண்டாம் என்று குழுவினரிடம் கேட்டுக்கொண்டவர் அவர். எதிரணியின் மிகப் பெரிய சாட்சி இதுதான், நானே எடுத்துத் தருகிறேன். அதே பெர்ரி 2017-ல், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் ஜர்னிக்குக் கௌரவம் நடந்தபோது வந்தார். பேசினார், பாடவில்லை. இரவுக்கு இரவு நெஞ்சைக் கொடுத்துப் பாடுகிறவர் என்று பினெடாவின் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். அன்றைக்கு ஜர்னிக்காகப் பாடியவர் பினெடா.

பெயர் வேண்டாம் என்று சொன்னவரே மேடையில் நின்று மனம் திறந்துவிட்டார். எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணித் தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி, இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்: பெர்ரி விட்டுக்கொடுத்த பிறகும், நீங்கள் யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கிறீர்கள்?

நன்றி, வணக்கம்.