காற்றாலை வருமுன் ஊரைக் கேட்பது

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை நிறுவிய 30 காற்றாலைக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் திறன் கொண்டது; மொத்தம் 103.5 மெகாவாட். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட, தம்பபவனி என்று பெயரிட்ட இந்தத் திட்டம்தான் மின்சார சபை அமைத்த முதலாவது பெரிய காற்றாலை. அதன் பிறகு அதே தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒவ்வொரு காற்றாலைத் திட்டமும் எதிர்ப்பைச் சந்தித்திருக்கிறது. மின் பொறியியல் படித்தவன் என்ற முறையில் காற்று மின்சாரம் இந்த நாட்டுக்குத் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையினால்தான் இந்த எதிர்ப்பைத் தடங்கலாகப் பார்க்காமல், காது கொடுத்துக் கேட்க வேண்டிய செய்தியாகப் பார்க்கிறேன்.

மன்னாரைத் திட்டமிடுவோர் ஏன் திரும்பத் திரும்ப நாடுகிறார்கள் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றான சோளகம், மலையோ காடோ மறிக்காத அந்தத் தட்டையான மணல் நிலத்தின் மீது தங்குதடையின்றிப் பாய்கிறது. நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துப் பெறும் மின்சாரத்தின் ஒரு பங்கையாவது இந்தக் காற்றிலிருந்து பெறலாம் என்பது சரியான கணக்கே. ஆனால் அந்த நிலம் ஆளில்லாத நிலமன்று.

கரைவலைத் தொழிலை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சோளகம் ஓய்ந்து தென்கடல் அடங்கியதும், வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் வளைத்து இறக்கிவிட்டு, கயிற்றின் இரு தலைப்புகளையும் கரையில் நின்று இழுக்கிறார்கள். இழுப்பவர்கள் பின்னோக்கி நடந்துகொண்டே வரவேண்டும். கயிற்றைச் சுருட்டி வைக்க இடம் வேண்டும். மீன் நிறைந்த வலையின் மடி கரையேறியதும் மீனைக் கொட்டிப் பிரிக்க மணற்பரப்பு வேண்டும். அதன் பின்னால் மீனவர் தங்கும் வாடி வேண்டும். வலை இழுக்கும் இடமான கரைவலைப் பாடு கடலில் மட்டும் இருப்பதில்லை, அதன் பாதி கரையில் இருக்கிறது. வெளியூரில் இருந்து வரைபடத்தை விரித்துப் பார்ப்பவருக்கு அந்தக் கரை வெற்று மணலாகத் தெரியும். அது எத்தனை குடும்பங்களின் தொழிற்களம் என்பதை அங்குள்ள வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமும் கயிறு இழுப்பவரிடமும் கேட்டால்தான் அறிய முடியும்.

வெள்ளத்தைப் பற்றிய முறைப்பாடு இன்னும் கடுமையானது. தீவின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சிறிதளவே உயர்ந்தது. வடகீழ்ப் பருவமான வாடைக் காலத்து மழைநீர் தாழ்வான இடங்களில் தேங்கி, சிறு சிறு வழிகளினூடாக மெல்லக் கடலுக்கு வடிகிறது. ஒரு கோபுரம் நிறுவ அகன்ற அத்திவாரமும், பாரந்தூக்கி நிற்பதற்கு இறுக்கிய மேடையும், கோபுரத்துக்குக் கோபுரம் கனரக வாகனம் செல்லும் பாதையும் தேவைப்படும். உயர்த்திப் போட்ட பாதை நீர் வடியும் வழிக்குக் குறுக்கே விழுந்து, அதன் கீழே போதிய மதகுகளும் வைக்கப்படாவிட்டால், நீர் குடிமனைகளின் பக்கமே நிற்கும். கோபுரங்கள் வந்த பிறகு தங்கள் வளவுகளில் வெள்ளம் கூடுதல் நாட்கள் நிற்கிறது என்று மக்கள் சொல்கிறார்கள். பாதையின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு, திட்டமில்லாமல் எழுந்த கட்டடங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்கு, ஊராரின் கண்முன்னே எடுத்து ஊராரின் கையில் கொடுக்கப்பட்ட பழைய நிலமட்ட அளவீடு ஒன்று இருந்திருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் பொறியியலாளர் சொல்வதை ஊர் நம்பாது. ஊர் சொல்வதைப் பொறியியலாளர் ஏற்கமாட்டார்.

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல்களில் மன்னாரும் ஒன்று; பூநாரைகள் இறங்கும் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலம். பெருங்காற்று வீசும் சோளக மாதங்களில் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை இங்கே இருப்பதில்லை. ஆகையால் அவை வந்து போகும் வேளைகளில் சில விசிறிகளை நிறுத்திவைப்பது பேசித் தீர்க்கக்கூடிய விடயமே. விசிறிகளைப் பற்றி மட்டும் பேசி, பறவைகள் மோதி மடியும் உயர் அழுத்த மின்கம்பிகளை மறந்துவிடக் கூடாது.

மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் அமைக்க 2023-இல் அனுமதி பெற்ற அதானி கிரீன் எனர்ஜி நிறுவனம், சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்ற பின்னர், புதிய அரசு மின்சார விலையை மீளப் பேச முற்பட்ட நிலையில், 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறு திட்டங்களுக்கான பாரிய உதிரிப்பாகங்கள் தீவுக்கு வந்தபோது மக்கள் வீதியில் இறங்கினார்கள். ஒரு மாதம் வேலையை நிறுத்தி மக்களோடு பேசும்படி ஜனாதிபதி பணித்தார். செப்டெம்பர் இறுதியில் வேலை மீண்டும் தொடங்கியபோது பொலிஸாருக்கும் மக்களுக்கும் இடையே மோதல் ஏற்பட்டது.

அந்த ஒரு மாதம் நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். இடம் குறித்தாகிவிட்டது, விலை ஒப்பந்தம் முடிந்துவிட்டது, கோபுரங்கள் கப்பலேறி வந்துவிட்டன. இந்த நிலையில் மீனவச் சங்கத் தலைவர் எழுந்து, ஐயா, இந்த மூன்றாவது கோபுரத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள் என்று கேட்டால், எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரியால் ஆம் என்று சொல்ல முடியுமா? ஆம் என்று சொல்ல அதிகாரமில்லாதவர் நடத்தும் கூட்டம் அறிவித்தல் கூட்டமே. மக்கள் அதை உடனே உணர்ந்துகொள்கிறார்கள். நமது சூழல் சட்டம் மதிப்பீட்டு அறிக்கையின் மீது பொதுமக்கள் கருத்துக் கூற 30 நாள் தருகிறது. அதுவும் அறிக்கை எழுதி முடிந்த பிறகுதான்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு டென்மார்க்கிலிருந்து ஓர் உண்மைச் சம்பவத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கோப்பன்ஹேகன் நகரத்தின் கண்ணுக்கெட்டிய தூரத்தில், கடலுக்குள் மிடில்குருண்டன் என்ற ஆழமற்ற மேடு இருக்கிறது. துறைமுகத்தைத் தோண்டிய சேற்றை நீண்ட காலம் கொட்டிவந்த இடம் அது. அங்கே 27 காற்றாலைகளை மூன்று வரிசைகளில் நிறுத்துவது முதல் யோசனை. 1997-இல் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டபோது, நகரின் கடற்காட்சியை அது குலைக்கும் என்று ஆட்சேபனை எழுந்தது. பழைய சேற்றில் உள்ள கன உலோகங்கள் கலங்கி நீரில் பரவும் என்ற அச்சமும் எழுந்தது. திட்டக்காரர்கள் வரைபடத்தையே மாற்றினார்கள். 27 என்பது 20 ஆனது. மூன்று வரிசை, நகரின் பழைய அரண்களின் வளைவோடு ஒத்துப்போகும் ஒற்றை வில்லாயிற்று. ஒவ்வொரு காற்றாலையும் 2 மெகாவாட்டாகப் பெரிதானதால் மொத்தத் திறன் 40 மெகாவாட்டுக்குக் குறையவில்லை. சேறும் ஆராயப்பட்டது. 1999-இன் இறுதியில் அனுமதி கிடைத்து, 2000-இல் கட்டி முடித்தார்கள்.

அதன் பாதி நகர மின் நிறுவனத்துக்கு, மறு பாதி ஒரு கூட்டுறவுக்குச் சொந்தமாயிற்று. கூட்டுறவின் 40,500 பங்குகளை 8,500-க்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். அனுமதி வருமுன்னரே சிறு முன்பணம் கட்டிப் பங்குக்குப் பெயர் பதிந்தவர்கள் பலர். பின்னர் 2009-இல் வந்த டேனிஷ் சட்டம், புதிய காற்றாலையின் ஐந்தில் ஒரு பங்கை, 4.5 கிலோமீற்றருக்குள் வசிப்போருக்கு முதலில் விற்பனைக்கு வைக்க வேண்டும் என்று விதித்தது. டென்மார்க்கில் எதிர்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை, அங்கும் நிறைய உண்டு. அந்த மேட்டில் எதிர்ப்பு எழுந்த காலத்தில் வரைபடம் இன்னும் பென்சிலில் இருந்தது. மன்னாரில் கொங்கிரீட் கலக்கும் நாளில்தான் ஊரின் குரல் காதில் விழுந்தது. என் கவலையெல்லாம் இந்தக் கால வரிசையைப் பற்றியதுதான்.

பெரிய காற்றாலை எதற்கும் முன்பாகக் காற்றை அளக்கும் கம்பம் ஒன்று நடப்படும். நான்கு பருவமும் அறியக் குறைந்தது ஒரு வருடமாவது அது நிற்க வேண்டும். வங்கிகள் அந்தக் கணக்கில்லாமல் கடன் கொடுப்பதில்லை. அந்த ஒரு வருடம்தான் ஊரோடு பேசுவதற்குரிய காலம். கம்பம் நடும் வாரத்திலேயே கிராம அலுவலர், மீனவர் கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம், தேவாலயம், பள்ளிவாசல், கோயில் என எல்லோருக்கும் எளிய தமிழில் ஒரு பக்கக் குறிப்பு போக வேண்டும். வாடை மழையில் நீர் எங்கே நிற்கிறது, எவ்வழி வடிகிறது என்று அவ்வூரின் முதியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, அளந்து, அந்த வரைபடத்தைப் பிரதேச செயலகத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். கரைவலைப் பாடுகள் ஒவ்வொன்றும் பெயரோடு அதில் குறிக்கப்பட வேண்டும். கோபுரங்களின் இடம் அதற்குப் பிறகு குறிக்கப்படட்டும். எத்தனை கோபுரம், எங்கே, ஊருக்கு வருமானத்தில் என்ன பங்கு என்ற மூன்றிலும் மாற்றம் செய்யும் அதிகாரம் உள்ளவர் கூட்டத்துக்கு வர வேண்டும். அங்கே ஒப்புக்கொண்டவை அனைத்தும் விலை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் ஓர் ஊர் வேண்டாம் என்றே சொல்லக்கூடும். அப்போது கம்பத்தைக் கழற்றி வேறிடத்தில் நடுவதற்கு ஆகும் செலவு, கோபுரங்களை இறக்கியபின் அவை தெருவில் முடங்கிக் கிடப்பதால் ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிதான். நன்றி, வணக்கம்.