கண்டது மெய், சொன்னது மெய்யா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் 'கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்', அதாவது கண்டவர் சொல்வதில்லை, சொல்பவர் கண்டதில்லை என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நல்ல வரிதான். ஆனால் ஞானம் பெற்ற பிறகு 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து பேசிக்கொண்டே இருந்தாரே புத்தர், அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தலைப்பு, 'மெய்ஞ்ஞான அனுபவமே உண்மைக்குச் சான்றாகுமா?' ஆகாது என்பது எங்கள் அணி. அனுபவம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளரும் தத்துவவாதியுமான வில்லியம் ஜேம்ஸ் 1902இல் அதற்கு நான்கு அடையாளம் சொன்னார். அதில் ஒன்று, அனுபவித்தவருக்கு அது அறிவாகவே தோன்றும் என்பது. எதிரணியினர் 'அறிவு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு 'தோன்றும்' என்பதை வசதியாக விட்டுவிட்டார்கள். அனுபவித்தவரை அது கட்டுப்படுத்தும், மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னவரும் அதே ஜேம்ஸ்தான்.

சரி, பௌத்தத்துக்கு வருவோம். புத்தரின் நீண்ட உரைகளின் தொகுப்பான தீக நிகாயத்தின் முதல் சூத்திரம் பிரம்மஜாலம். அதில் ஒரு துறவி ஆழ்ந்த சமாதியில் தன் முற்பிறவிகளைக் காண்கிறார். ஒன்றிரண்டு அல்ல, லட்சக்கணக்கில். இன்ன பெயர், இன்ன குலம், இன்னது உண்டேன் என்பதுவரை நினைவுக்கு வருகிறது. எழுந்து வந்து, 'ஆன்மாவும் உலகமும் நிலையானவை, நானே பார்த்தேன்' என்கிறார். 'நீ பார்க்கவில்லை' என்று புத்தர் மறுக்கவில்லை. பார்த்ததிலிருந்து அவர் கட்டிய முடிவைத்தான் 62 தவறான கொள்கைகளில் ஒன்றாகச் சேர்த்தார்.

பின்னால் வந்த பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மகீர்த்தி இன்னும் கறாரானவர். காமத்திலும் துக்கத்திலும் பயத்திலும் தவிப்பவன், இல்லாததையும் கண்ணெதிரே நிற்பதுபோல் காண்கிறான் என்றார். இறந்தவரின் காலடிச் சத்தம் வாசலில் கேட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்தவர்களுக்கு இது புரியும். தெளிவாகத் தெரிந்தது என்பதற்காக அங்கே ஆள் நிற்பதில்லை. யோகியின் காட்சியானாலும், முன்பே அளவைகளால், அதாவது அறியும் வழிகளால், தேர்ந்த பொருளைப் பற்றியதாக இருந்தால்தான் அது பிரமாணம், நம்பத்தக்க சான்று, என்பது அவர் கட்சி.

நம் மணிமேகலையையே பாருங்கள். துறவு பூண்டவளுக்கு பௌத்தத் துறவி அறவண அடிகள் பிரத்தியட்சம் (நேர்க்காட்சி), அனுமானம், போலிக் காரணங்கள் என்று தர்க்கத்தை விரித்துச் சொல்கிறார். துன்பம் பிறக்கும் காரணச் சங்கிலியான பன்னிரு நிதானம் அதற்கு அப்புறம்தான்.

'போதி மரத்தடியில் நடந்ததும் அனுபவம்தானே?' என்பீர்கள். அனுபவம்தான். ஆனால் எழுந்து வந்து அவர் சொன்னது, 'இது இருந்தால் அது உண்டு, இது இல்லையேல் அது இல்லை' என்ற காரண காரியம். மரத்தடியில் உட்காராதவரும் அதைச் சோதிக்கலாம்.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்தத் துறவி லட்சம் பிறவியைக் கண்டபோது தவறினாரா, வாயைத் திறந்தபோது தவறினாரா?