பிரசவ அறையிலும் நம் மொழி வேண்டும்

அன்புக்குரிய தாய்மாரே, மருத்துவ மாதுகளாகப் பணியாற்றும் சகோதரிகளே,

ஒரு காலத்தில் மலையகத்தில் பிள்ளைப்பேறு என்றால் லயன் காம்பராவும் கைப்பழக்கமுள்ள ஒரு பாட்டியும்தான். இன்று தோட்டத்துப் பெண்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெறுகிறார்கள். மழையிலும் மலையேறி, லயன் லயனாக நடந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவ மாதுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் உயிர் பிழைத்தால் போதும் என்று நாம் நின்றுவிடக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, தலைப்பிள்ளை. ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தாள். அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே பேசியதெல்லாம் சிங்களம். வலியின் நடுவே ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்திட்டாள். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து குழந்தையை எடுத்தது மயக்கம் தெளிந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். ஏன் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை சொப்பிங் பையில் சுற்றி, அடையாள அட்டையோடு பத்திரமாக வைத்திருக்கிறாள். வாசிக்கத்தான் வீட்டில் ஆளில்லை. அடுத்த பிரசவத்தில் டாக்டர் கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும் இப்படித்தான் சம்மதம் வாங்கினார்கள் என்று மூத்த தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமை கச்சேரி போன்ற அரசாங்க அலுவலகங்களோடு நின்றுவிடலாமா? ஒவ்வொரு வேளையிலும் தமிழ் பேசும் ஒரு தாதியாவது பிரசவ வார்டில் இருக்க வேண்டும். அதற்கு நம் பிள்ளைகள் தாதியர் பயிற்சிக்குப் போக வேண்டும். போவதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் அந்தப் பிரிவே இல்லை. பிரசவ அறையின் குறை பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளத்துக்குப் பேசும் அதே குரலில் இதற்கும் பேச வேண்டும்.

பிரசவ விடுமுறையில் ஒரு வெற்றி கிடைத்திருக்கிறது. முன்பு, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு அடுத்த பிரசவத்துக்கு 42 நாள்தான். 2018 இல் சட்டம் மாறி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் ஆயிற்று. கேட்டால் கிடைக்கும்.

மருத்துவ மாதுகளிடம் ஒன்று கேட்கிறேன். ஏழாம் மாதக் கிளினிக்கிலேயே அந்தச் சம்மதத் தாளைக் காட்டி, தமிழில் வாசித்து விளக்குங்கள். தாய்மாரே, அவசரத்தில் சிகிச்சையை மறுக்கச் சொல்லவில்லை. "எனக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். மாமியாரும் கணவரும் வாசலில் நின்றபடியே அதைக் கேட்கலாம்.